நாள்காட்டியில் ஆகஸ்ட் 4

முதல் நாள் மாலை, பாயில் உட்கார்ந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "நீங்க என்னைக்குப் போவீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மையத்தை நடத்தும் ஐயா அப்புறம் விவரம் சொன்னார். போன வருடம் வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், பொங்கலுக்குத் திரும்ப வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பிள்ளைகள் பொங்கல் வரை நாள் எண்ணியிருக்கிறார்கள். அவர் வரவில்லை.

நான் மலேசியாவில் கிள்ளானில் வசிக்கிறேன். என் பாட்டி நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். அவர் பிறந்த பக்கத்தில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கீழ்வேளூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பள்ளி விட்டபின் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் சிறிய மையத்துக்கு எழுதிக் கேட்டேன். உடனே வரச் சொல்லவில்லை. எங்கள் வெளியுறவு அமைச்சில் நன்னடத்தைச் சான்றிதழ் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நான் வேலை பார்த்த பாலர் பள்ளியிலிருந்து கடிதமும் கேட்டார்கள். அலைச்சல்தான், ஆனால் பிள்ளைகளோடு பழக வருகிற ஆளை இப்படி விசாரிப்பதுதான் சரி. ஒன்றும் கேட்காமல் வரச் சொல்லும் இடத்துக்கு யாரும் போகவேண்டாம் என்பேன்.

இந்தியாவின் சுற்றுலா இ-விசாவில், சம்பளம் இல்லாத தொண்டு வேலைக்கு அதிகபட்சம் ஒரு மாதம்தான் அனுமதி. அதனால் ஆகஸ்ட் 4 அன்று திருச்சியில் விமானம் ஏறுவது, வருவதற்கு முன்பே முடிவான விஷயம்.

அந்தத் தேதியை மறுநாளே பிள்ளைகளிடம் சொன்னேன். சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியில் ஆகஸ்ட் 4 தாளைத் தேடிப் பிடித்து ஒரு விமானம் வரைந்தோம். தினமும் வகுப்பு முடிந்ததும் ஒருவர் தாளைக் கிழிப்பார். பின்பக்கத்தில் அன்று படித்த ஒரு சொல்லையோ கணக்கையோ எழுதி வீட்டுக்கு எடுத்துப்போவார். சின்னப் பிள்ளைகளுக்கு 'ஒரு மாதம்' என்றால் எவ்வளவு என்று புரியாது. தாள்கட்டு மெலிவது கண்ணுக்குத் தெரியும்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் அதற்குள் கடைமடைக்கு வந்து சேர்ந்திருந்தது. வாய்க்காலில் குதித்துவிட்டு ஈரத்தலையோடு வகுப்புக்கு வருவார்கள். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் சொல்வோம். ஒரு வாரத்தில் எல்லோரும் அதையே என்னிடம் திருப்பிக் கேட்க ஆரம்பித்தார்கள்.

தவறுகளும் செய்தேன். முதல் வாரம் முழுக்கப் பெட்டியிலிருந்து பிஸ்கட்டும் சாக்லேட்டும் கொடுத்தேன். "நீங்க போன பிறகு இங்க இருக்கிற பொண்ணு வெறுங்கையோடதானே வரும்?" என்றார் ஐயா. அன்றோடு நிறுத்தினேன். அவர் சொன்ன பெண், ஆசிரியர் பயிற்சி முடித்த உள்ளூர்க்காரி; நான் தங்கை என்றே கூப்பிடுவேன். கடைசிப் பத்து நாள் வகுப்பை அவளே நடத்தினாள். நான் பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து நோட்டுத் திருத்தினேன். சந்தேகம் என்று என்னிடம் ஓடிவருபவர்களை அவளிடம் அனுப்புவது எனக்குக் கஷ்டமாகவே இருந்தது.

இன்னொரு தவறு பெரியது. முதல் நாள் கேள்வி கேட்ட பெண்ணை தினமும் என் பக்கத்திலேயே உட்காரவிட்டேன், தலை பின்னிவிட்டேன். அவள் அம்மாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. அம்மாச்சியோடு இருக்கிறாள். கடைசி வாரம் தொடங்கியதும் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

மூன்றாம் நாள் தங்கையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வரேன்னு சொல்லுவீங்க, வரமாட்டீங்க" என்றாள்.

"எப்போ வருவேன்னு எனக்குத் தெரியல. தெரியாததைச் சொல்லமாட்டேன். நாளைக்குச் சாயங்காலம் இந்த அக்கா வருவாங்க. அதுக்கு மறுநாளும் வருவாங்க. நான் ஆகஸ்ட் 4 போறேன்" என்றேன்.

அம்மாச்சி பதறிவிட்டார். "போறேன்னு சொல்லாத தாயி. போயிட்டு வரேன்னு சொல்லு."

எனக்கு வாய் அடைத்துப்போனது. திரும்ப வருவேன் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது என்று இத்தனை நாளாகக் காத்துவந்தேன். நம் தமிழில் விடைபெறும் சொல்லே அதுவாக இருக்கிறதே. அம்மாச்சியின் பேச்சை மீற மனசு வரவில்லை. "போயிட்டு வரேன்" என்றேன்.

கதவு கொஞ்சம் திறந்தது. "சும்மா சொல்றீங்களா, நெசமாவா?"

"எல்லாரும் சொல்ற மாதிரி சொன்னேன். வரணும்னு ஆசை இருக்கு, அது நெசம். நாள் மட்டும் தெரியாது."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வகுப்புக்கு வந்து தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைசி மாலை ஆடிப்பெருக்கு. பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு ஓடம்போக்கி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். பெண்கள் முளைப்பாரியைத் தண்ணீரில் விட்டு, ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். அம்மாச்சி எனக்கும் ஒன்று கட்டிவிட்டார். தனியாக விழா எதுவும் வைக்கவேண்டாம் என்று முன்பே பேசியிருந்தோம். வழக்கம்போல ஒருவன் தாளைக் கிழித்தான். விமானம் வரைந்த தாள் மேலே வந்தது.

மறுநாள் காலை பேருந்து நிறுத்தத்தில் அம்மாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். காகிதத்தில் மடித்த காப்பரிசியை நீட்டினாள்.

"பசியாறிட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"அப்ப பஸ்ஸுல சாப்பிடுங்க."

திருவாரூர் வருவதற்குள் சாப்பிட்டு முடித்தேன்.