சிக்னலில் நின்று கிளம்பினால் மட்டும் வந்த நீலப் புகை

"ரிங் போயிருச்சு சார். என்ஜினை இறக்கித்தான் ஆகணும்."

பிஸ்டனைச் சுற்றி நின்று ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்தான் ரிங். இதைச் சொன்ன முதல் மெக்கானிக் பானெட்டைத் திறக்கவே இல்லை. வண்டிக்குப் பின்னால் நின்று புகையை ஒருமுறை பார்த்தார், சொல்லிவிட்டார். அதை நம்பிச் சாவியைக் கொடுத்திருந்தால், நன்றாக இருந்த என்ஜினைப் பிரித்துப் போட்டிருப்பார்கள். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

வண்டி 18 வருடம் ஓடிய, எட்டு சிலிண்டர் வி8 சொகுசு கார். சிக்னலில் இரண்டு மூன்று நிமிடம் நின்று கிளம்பினால், பின்னால் வருபவரே மறைகிற அளவுக்கு நீலப் புகை. அடுத்த திருப்பத்துக்குள் அடங்கிவிடும். நெடுஞ்சாலையில் எவ்வளவு மிதித்தாலும் ஒன்றும் வராது. கூலன்ட் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை, அதனால் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் பயம் இல்லை. ஆயில்தான் 1,000 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போய்க்கொண்டிருந்தது.

முதலில் நானே ஒரு தப்பு செய்தேன். கெட்டியான ஆயில் ஊற்றினால் நின்றுவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊற்றினேன். சில நாள் குறைந்த மாதிரி இருந்தது, பிறகு பழையபடியே. ஒரு மாதம் வீண்.

இரண்டாவதாகப் போன பட்டறையில், வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டினார்கள். "ஃபால்ட் கோடே இல்லை சார், வண்டி நல்லா இருக்கு." ஓடி வந்த சூட்டோடு இரண்டு தடவை ரேஸ் பண்ணிப் பார்த்தார்கள், புகை வரவில்லை, அனுப்பிவிட்டார்கள். திரும்பி வரும்போது முதல் சிக்னலிலேயே புகை கிளம்பியது. அரை நாள் விடுப்பு போனதுதான் மிச்சம். ஆயில் எரிவதால் மட்டும் கோடு விழுந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஆகவே பட்டறையில் உங்கள் கண் முன்னால் பத்து நிமிடம் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டு, அதன் பிறகு மிதிக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் கிளம்பாதீர்கள். நான் அடுத்த முறை நண்பரைப் பின்னால் நிறுத்தி, ஐடிலில் நிற்பதிலிருந்து புகை அடங்கும்வரை ஒரே வீடியோவாக எடுத்துக்கொண்டு போனேன்.

மூன்றாவது மெக்கானிக் புகையின் நிறத்தைக் கேட்கவில்லை. "எப்ப வருது சார்?" என்று கேட்டார். வீடியோவை இரண்டு முறை பார்த்தார். ரிங் தேய்ந்திருந்தால் லோடு ஏறும்போதெல்லாம் புகை வரும் என்றார். ஐடிலில்தான் இன்டேக்கில் உறிஞ்சல் அதிகம். வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர் மூடிதான் வால்வ் சீல். அது காய்ந்து கட்டியாகியிருந்தால் அந்த நேரத்தில் ஆயில் உள்ளே கசிந்து சேரும், கிளம்பும்போது மொத்தமாக எரியும். என் வண்டியின் குணம் அப்படியே அதுதான்.

ஆனாலும் உடனே சீலுக்குப் போகவில்லை. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் தூக்கச் சொன்னார். இரண்டு கையாலும் இழுத்தேன், வரவில்லை. கீழிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல இருந்தது. பக்கத்தில் மெல்லிய விசில் சத்தம் வேறு. என்ஜினுக்குள் சேரும் வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி அனுப்பும் பிசிவி வால்வுக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு கிழிந்திருந்தது. அதனால் என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் உறிஞ்சல் கூடி ஆயில் ஆவியையும் இழுக்கிறது. மாற்றியதும் விசில் நின்றது, புகை பாதியானது. பாதிதான். பலர் இந்த இடத்தில் மனம் உடைந்து என்ஜினை இறக்கச் சம்மதித்துவிடுகிறார்கள். பழைய வண்டியில் ஒரே புகைக்கு இரண்டு காரணம் இருக்கலாம்.

அடுத்து லீக் டவுன் டெஸ்ட். இதைக் கேட்டு வாங்குங்கள், தயங்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, வால்வ்கள் மூடியபடி பிஸ்டன் மேலே இருக்கும்போது சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது. ஆயில் மூடி வழியாகக் காற்று சீறினால் ரிங், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். எட்டு சிலிண்டரிலும் கசிவு 10 சதவீதத்துக்குக் கீழே. கடைசி சிலிண்டருக்கும் அதே அளவு வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரிங்குக்கு ஒன்றுமே ஆகவில்லை!

சீல் மாற்ற ஹெட்டைக்கூடக் கழற்றவில்லை. அதே போலக் காற்றை ஏற்றி, வால்வ் உள்ளே விழாமல் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிங்கை எடுத்து ஒவ்வொன்றாக மாற்றினார். 32 வால்வ், 32 சீல், நான்கு நாள். ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்து வைக்கும் சின்ன வால்வ் லாக் உள்ளே விழுந்துவிடக் கூடாதென்று திறந்திருந்த ஓட்டைகளையெல்லாம் முதலில் துணியால் அடைத்தார். இதைச் செய்யாதவரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

கழற்றிய சீல் ஒன்றைக் கையில் கொடுத்தார். ரப்பர் என்றே சொல்ல முடியாது. விரலால் அழுத்தியதும் பட்டென்று இரண்டாக உடைந்தது. புதியதை அழுத்தினால் நசுங்கித் திரும்புகிறது.

2,000 கிலோமீட்டர் ஆகிவிட்டது, டிப்ஸ்டிக்கில் கோடு அதே இடத்தில் நிற்கிறது. வெளியேறும் புகையைச் சுத்தம் செய்யும், இத்தனை நாள் ஆயில் புகையிலேயே கிடந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எவ்வளவு தாங்கும் என்ற கவலை மட்டும் பாக்கி. சிக்னலில் பச்சை விழுந்ததும் இன்றும் முதலில் கண்ணாடியைத்தான் பார்க்கிறேன். பின்னால் இருப்பவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது.