"பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக வரலம்மா"

குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து கடிதம் வந்த அன்று, என் தங்கை இரண்டு பிள்ளைகளின் துணிகளையும் துவைத்து மடித்து ஒரு பையில் வைத்துவிட்டாள். "எப்படியும் கூட்டிட்டுப் போயிடுவாங்க. அழுக்குத் துணியோட போகக் கூடாதுக்கா." இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கணவர் பிரிந்துபோய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மனச்சோர்வு. படுக்கையை விட்டு எழவே முடியாத நாட்கள் அவளுக்கு உண்டு. அந்த நாட்களில் எட்டு வயதுப் பெரியவன்தான் தம்பியை எழுப்பி, குளிப்பாட்டி, கிளப்புவான். அதன்பிறகு வகுப்பில் தூங்கிவிடுவான். ஆசிரியை அதைக் கவனித்துத் தெரிவித்திருக்கிறார். அப்போது அவர்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. பெரியம்மா நான் கவனிக்காததை அவர் கவனித்தார் என்பது பிறகுதான் உறைத்தது.

முதல் சந்திப்புக்கு முந்தின இரவு நான் போய் வீட்டைத் தேய்த்துக் கழுவி வைத்தேன். அதைச் செய்யாதீர்கள். வந்த சமூகப் பணியாளர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தினமும் இப்படித்தான் இருக்குமா?" என்று தணிந்த குரலில் கேட்டார். தங்கை உடைந்து அழுதாள். "இல்ல மேடம், அக்கா ராத்திரி முழுக்கச் செஞ்சது." அவர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "நாங்க பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போக வரலம்மா. உங்களால எழுந்திரிக்க முடியாத நாள்ல என்ன நடக்குதுன்னு சொன்னாத்தான் உதவ முடியும்." பிள்ளைகளுக்கு உடனடி ஆபத்து இருந்தால் பிரிக்க வேண்டிவரும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. மறைக்காமல் சொன்னதாலேயே அவரை நம்ப முடிந்தது.

பிறகு நானே தேடிப் படித்தேன். ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டு குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, குழந்தையின் நலனுக்கு அவசியம் என்றாலொழிய பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்கிறது. 2009இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டுதல்கள், வறுமையை மட்டுமே காரணம் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கின்றன. முதல் நாளே இதை யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பையை அவள் கட்டியிருக்க மாட்டாள்.

இரண்டாவது சந்திப்பில் ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் வட்டம் போட்டு, தங்கையையும் பிள்ளைகளையும் அதற்குள் எழுதினார் பணியாளர். சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள்: பள்ளிக்கூடம், மருத்துவர், நான், எதிர்வீட்டு அம்மா, பிள்ளைகளின் அப்பா. உறவு பலமாக இருந்தால் தடித்த கோடு, பலவீனமென்றால் புள்ளிக்கோடு, உரசல் இருந்தால் கோட்டின்மேல் குறுக்குக் கீறல்கள். 1970களில் ஆன் ஹார்ட்மன் என்ற அமெரிக்க சமூகப் பணியாளர் உருவாக்கிய முறையாம். எனக்குத் தடித்த கோடுதான் வரும் என்று நினைத்திருந்தேன். தங்கை கொஞ்சம் யோசித்துவிட்டுப் புள்ளிக்கோடு போட்டாள். "அக்கா வந்தா எல்லாத்தையும் செஞ்சு வச்சிடுவா. ஆனா எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டா." தடித்த கோடு போனது எதிர்வீட்டு அம்மாவுக்கு. அந்தத் தாளை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை.

பிள்ளையின் மனநிலையையும் நடத்தையையும் அறிய 25 வாக்கியங்கள் கொண்ட ஒரு கேள்வித்தாளும் உண்டு. ராபர்ட் குட்மேன் என்ற உளநல மருத்துவர் 1997இல் வெளியிட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உண்மையில்லை, ஓரளவு உண்மை, உறுதியாக உண்மை என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்க வேண்டும். அம்மா தனியாக, ஆசிரியை தனியாக நிரப்பினார்கள். பெரியவன் பிறருக்கு உதவுகிறான் என்பதில் இருவருமே 'உறுதியாக உண்மை' என்று குறித்திருந்ததைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. பணியாளர் மட்டும் அங்கே பேனாவை வைத்து, "இதையும் கவனிக்கணும். இவன் எப்ப விளையாடுறான்?" என்றார். எங்களிடம் பதில் இல்லை.

மூன்றாம் மாதம் பணியாளர் மாறினார். புதியவரிடம் கோப்பு முழுதாகப் போய்ச் சேரவில்லை. கணவர் போன நாளிலிருந்து தங்கை மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்து இரண்டு நாள் படுத்துவிட்டாள். இப்படி ஆகவே கூடாது. அன்றிலிருந்து நான் ஒரு நோட்டு வைத்தேன்: தேதி, வந்தவர் பெயர், சொன்னது, செய்வதாக ஒப்புக்கொண்டது. நீங்கள் முதல் நாளே ஆரம்பியுங்கள். திட்டத்தையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் மாதம் குடும்பக் கூட்டம். நியூசிலாந்தில் மாவோரி மக்களின் வழக்கத்திலிருந்து வந்து, 1989இல் அங்கே சட்டமான முறை இது. விவரங்களைச் சொல்லிவிட்டு அதிகாரிகள் வெளியே போய்விடுவார்கள். குடும்பமே பேசித் திட்டம் போட வேண்டும். கதவு சாத்தியதும் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு சண்டை வந்தது, அழுகை வந்தது. சித்தப்பா பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன் என்றார். எதிர்வீட்டு அம்மா மாலை இரண்டு மணிநேரம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தங்கையின் சிகிச்சைக்குத் துணையாகப் போவது நான்.

பெரியவனிடம் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். பொம்மையோ சைக்கிளோ கேட்பான் என்று நினைத்தேன். "அம்மா எந்திரிச்சிட்டாங்களான்னு காலைல யாராவது போன் பண்ணிக் கேக்கணும். நானே முழிச்சுப் பாத்துக்கிட்டு இருக்க முடியல" என்றான்.

தினமும் காலை ஆறரைக்கு நான் கூப்பிடுகிறேன். முதல் இரண்டு வாரம் முதல் மணியிலேயே அவன்தான் எடுத்தான். இப்போது பெரும்பாலும் தங்கை எடுக்கிறாள். எப்படிம்மா இருக்கே என்று முதலில் கேட்டுவிட்டு, பெரியவன் எங்கே என்கிறேன்.

"இன்னும் தூங்குறான்க்கா" என்கிறாள்.