காதால் ஆடும் கேம்: அக்டோபர் நாட்குறிப்பு

2024 அக்டோபர் 8, தக்கலை

'ஏலியன்: ஐசொலேஷன்' வெளிவந்து நேற்றோடு பத்து வருடம். 2014 அக்டோபர் 7 அன்று வந்த கேம். நேற்றே, அதன் படைப்புக் குழுவை நடத்திய அல் ஹோப், இரண்டாம் பாகத்தின் வேலை தொடக்க நிலையில் இருக்கிறது என்று அறிவித்துவிட்டார். செய்தியைப் படித்ததும் மனது நிற்கவில்லை. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் லாப்டாப்பில் மறுபடி ஏற்றினேன். முன்பு ஆடியதுதான். இந்தத் தடவை ஹார்ட் நிலையில், முதலிலிருந்து. எது நன்றாக இருக்கிறது, எது சறுக்குகிறது என்று ஆடிக்கொண்டே எழுதிவைக்கப் போகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1979-இல் ரிட்லி ஸ்காட் எடுத்த 'ஏலியன்' படத்தின் நாயகி ரிப்ளி. அந்தப் படத்தின் நிகழ்வுகளுக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2137-இல், அவளுடைய மகள் அமாண்டா அம்மாவைத் தேடிப் புறப்படுகிறாள். அம்மா போன கப்பலின் பதிவுப்பெட்டி செவஸ்டபோல் என்னும் விண்வெளி நிலையத்தில் கிடைத்திருப்பதாகத் தகவல். அங்கே போனால் நிலையம் பாதி மூடிக் கிடக்கிறது. கடைகளில் ஆளில்லை, சுவரெல்லாம் கிறுக்கல், மிச்சம் இருக்கிறவர்கள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிறார்கள். அப்புறம், அது: படத்தில் வந்ததுபோன்ற வேற்றுக்கிரகப் பிராணி.

முதல் ஒரு மணி நேரம் எதுவும் துரத்துவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

அக்டோபர் 9

இன்றைக்கு வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். உருவாக்கியது இங்கிலாந்தின் கிரியேட்டிவ் அசெம்பிளி, வெளியிட்டது செகா. 'டோட்டல் வார்' போர்க்களக் கேம்களால் பெயர் வாங்கிய குழு இப்படி ஒரு திகில் கேம் செய்யும் என்று அப்போது யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். படத்தைத் தயாரித்த ஃபாக்ஸ் நிறுவனம் பழைய வரைபடங்கள், புகைப்படங்கள் என்று மூன்று டெராபைட் அளவுக்கு அவர்களுக்குக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் ஒரு விதி போட்டார்கள்: 1979-இல் செய்திருக்க முடியாத எதுவும் இந்த உலகத்தில் இருக்கக் கூடாது. அதனால்தான் விண்வெளி நிலையத்தில் தடித்த பிக்சர் ட்யூப் திரை, பச்சை எழுத்து, கை நோகத் திருப்ப வேண்டிய லிவர். திரைகளில் வரும் காட்சிகளை நிஜமாகவே பழைய வி.எச்.எஸ். வீடியோ டேப்பில் பதிவுசெய்து, படத்தைக் குலைத்து, மறுபடி எடுத்துச் சேர்த்திருக்கிறார்கள்.

பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த இயந்திரங்கள் எல்லாமே சத்தம் போடுகின்றன. கதவு திறந்தால் உறுமல், கம்ப்யூட்டரைத் தொட்டால் கடகடப்பு, காற்றுக்குழாய் மூடி விரிந்தால் கிறீச். நிலையம் முழுக்கச் சத்தம். அதற்குள் எது சும்மா வரும் சத்தம், எது உயிருள்ளதன் சத்தம் என்று நாம்தான் பிரித்தறிய வேண்டும்.

எங்கள் வீடு பழைய ஓட்டு வீடு, ஓட்டுக்குக் கீழே மரத்தட்டு போட்டது. ராத்திரி அந்தத் தட்டுக்கு மேலே மரநாய் நடக்கும். இந்த மூலையில் ஒரு சத்தம், அப்புறம் வெகுநேரம் ஒன்றும் இல்லை, அப்புறம் நேராகத் தலைக்கு மேலே. சின்ன வயதில் நான் பயந்து எழுந்தால், அம்மா கண்ணைத் திறக்காமலே "மரநாய்தான் மக்ளே, பேசாம கெட" என்பார்கள். மரநாய் என்று தெரிந்த பிறகும் காது அதையே தொடர்ந்துபோகும். இந்த கேமில் கூரைக் குழாய்க்குள் அந்தப் பிராணி நடமாடும்போது எனக்கு அதே காதுதான் விழித்துக்கொள்கிறது. இங்கே பத்மநாபபுரம் அரண்மனையைச் சுற்றி இருக்கிற பழைய வீடுகளில் வளர்ந்தவர்கள் யாராக இருந்தாலும் இதை உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அக்டோபர் 11

சரஸ்வதி பூஜை. லாப்டாப்பும் பூஜைக்குப் போய்விட்டது, மேலே சந்தனப் பொட்டு. நாளை விஜயதசமிக்கு எடுக்கும்வரை கேம் இல்லை.

அக்டோபர் 13

இன்று முழுக்க மழை. வெளியே போக முடியாததால் மதியத்திலிருந்தே ஆடினேன். மருத்துவப் பிரிவு, சான் கிறிஸ்டோபல். முதல்தடவை ஆடுகிறவர்களில் பலர் கைவிடும் இடம் இது. நான் இந்த கேமை மதிப்பதற்குக் காரணமும் இந்த இடம்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தப் பிராணியைக் கொல்ல முடியாது. துப்பாக்கி கொடுப்பார்கள், சுட்டால் நம் இடம்தான் அதற்குத் தெரியவரும். ஒளியலாம், ஓடலாம், வேறு பக்கம் சத்தம் எழுப்பித் திசைதிருப்பலாம். ஓடினால் அநேகமாகச் சாவுதான். மற்ற கேம்களில் எதிரி ஒரு பாதையில் போய்வந்துகொண்டிருப்பான். சிறிது நேரம் பார்த்தால் அவன் எப்போது முதுகைக் காட்டுவான் என்று மனப்பாடமாகிவிடும். இதில் அது நடக்காது.

அதன் பின்னால் இருப்பது இரண்டு மூளைகள். ஒன்று மேலிருந்து நடத்துவது. நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்கு எப்போதும் தெரியும், ஆனால் பிராணியிடம் நேராகச் சொல்லாது. "இந்தப் பக்கம் போய்த் தேடு" என்கிற அளவுக்குக் குறிப்பு மட்டும் கொடுக்கும். இரண்டாவது பிராணியின் சொந்த மூளை. அது தன் கண்ணையும் காதையும் வைத்துத்தான் நம்மைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் பக்கத்திலேயே வெகுநேரம் சுற்றி நெருக்கடி அதிகமாகிவிட்டால், முதல் மூளை அதைக் குழாய்க்குள் திருப்பி அனுப்பி நமக்கு மூச்சுவிட இடம் கொடுக்கும். இது போக, பிராணியின் சில பழக்கங்கள் தொடக்கத்தில் பூட்டியே இருக்கும். போகப்போகத் திறக்கும். அதனால் நம்மிடமிருந்து அது கற்றுக்கொள்வதுபோலவே தோன்றுகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு ஓட்டையும் உண்டு. முதல் மூளைக்கு நம் இடம் தெரியும் என்பதால், பிராணி நம்மைவிட்டு வெகுதூரம் போவதே இல்லை. சத்தமே போடாமல் மேசைக்கடியில் கிடந்தாலும் பக்கத்து அறைக்குத் திரும்பித் திரும்பி வரும். வேட்டைக்கு வந்ததாக இருந்த பிராணி அப்போது கயிற்றில் கட்டிவிட்டதாகத் தெரியத் தொடங்குகிறது. பொறுமையாக ஒளிந்திருப்பவருக்கு அங்கே ஒரு பலனும் கிடைப்பதில்லை. இது சரியல்ல.

மோஷன் டிராக்கர் மட்டும் குறையே சொல்ல முடியாத பொருள். கையில் ஒரு சின்னப் பச்சைத் திரை, அசைவது எதுவாக இருந்தாலும் புள்ளியாகக் காட்டும். ஆனால் அதைப் பார்க்கும்போது தூரத்தில் இருப்பது மங்கலாகிவிடும். தூரத்தைப் பார்த்தால் திரை மங்கும். மேலே இருக்கிறதா, நம் தளத்திலேயே இருக்கிறதா என்றும் காட்டாது. பிராணி பக்கத்தில் இருந்தால் டிராக்கரின் பீப் சத்தமே நம்மைக் காட்டிக்கொடுக்கும். தெரிந்துகொள்வதற்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள். பயம் என்பதை நன்றாகப் புரிந்துகொண்டவர்கள்தான் இப்படி ஒரு கருவியைச் செய்ய முடியும்.

அக்டோபர் 16

ராத்திரி இடியோடு கரண்ட் போய்விட்டது. என் லாப்டாப்பின் பேட்டரி செத்து நாளாயிற்று, ஒயர் இருந்தால்தான் ஓடும். சாவி அட்டையை எடுத்துக்கொண்டு சேவ் செய்யும் இடத்துக்குப் பாதி வழி வந்திருந்தேன். எல்லாம் போயிற்று.

இந்த கேமில் தானாகச் சேவ் ஆவது கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். சுவரில் தொலைபேசிபோல ஒரு பெட்டி இருக்கும். அதில் அட்டையைச் சொருகி, மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும்வரை அங்கேயே நிற்க வேண்டும். நிற்கும்போதும் உலகம் நிற்காது, பின்னால் வந்து கொல்லலாம். பக்கத்தில் ஆபத்து இருந்தால் முதலிலேயே எச்சரிக்கும், அதையும் மீறிச் சேவ் செய்வது நம் பாடு. பலரும் இதைத்தான் முதல் குறையாகச் சொல்கிறார்கள்.

அந்த கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் இது பலம் என்பதுதான் என் கட்சி. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவளுக்கு என்ன பயம்? கடைசியாகச் சேவ் செய்து வெகுநேரம் ஆகியிருக்கும்போது நடக்கிற நடையே வேறு. இருட்டில் அந்தப் பெட்டியின் பீப், பீப் என்ற சத்தம் முதலில் காதில் விழும், அப்புறம்தான் கண்ணில் படும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் வரும் நிம்மதியை வேறு எந்த கேமும் எனக்குக் கொடுத்ததில்லை.

அக்டோபர் 19

அருமனையிலிருந்து சித்தி மகன் வந்திருந்தான். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எக்கா, நீ இப்பமும் இதத்தான் ஆடுகியா? இது போன்லயே இருக்குல்லா?"

இருக்கிறது. 2021 டிசம்பரில் ஃபெரல் இன்டராக்டிவ் இதை ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் கொண்டுவந்தது. அவன் போனில் கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்தேன். கேமில் எதையும் வெட்டவில்லை, வெளிச்சமும் நிழலும்கூட நன்றாகவே வந்திருக்கின்றன. ஆனால் அவன் ஹெட்போன் இல்லாமல், தொலைக்காட்சி ஓடும் முன்னறையில் உட்கார்ந்து ஆடுகிறான். பக்கத்தில் சித்தி பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்படி ஆடினால் இது வெறும் ஒளிந்துபிடித்து விளையாட்டு.

அவனுக்குத் தீப்பீச்சி, அதாவது நெருப்பைப் பீய்ச்சும் ஆயுதம், கிடைத்துவிட்டதாம். "இனி என்னத்துக்கு எக்கா பயம்? ஒரு அடி அடிச்சா ஓடிருது" என்றான். அங்கேதான் இந்த கேமின் அடுத்த சறுக்கல். தீயைக் கண்டால் பிராணி குழாய்க்குள் ஓடிவிடும், உண்மைதான். போகப்போக அது துணிந்துகொண்டு சீக்கிரமே திரும்பி வரும், எரிபொருளும் கம்மி. அதனால் சமநிலை முழுக்கக் கெடவில்லை. ஆனால் அதுவரை காதைத் தீட்டி நடந்தவர்கள் இப்போது எரிபொருள் எண்ணைப் பார்த்து நடக்கிறார்கள். காது வேலையை நிறுத்திவிடுகிறது.

அக்டோபர் 22

வொர்க்கிங் ஜோ. இந்த நிலையத்தை நடத்தும் சீக்ஸன் நிறுவனம் மலிவாகச் செய்த மனித இயந்திரங்கள். வெளிறிய ரப்பர் முகம், எரியும் வெள்ளைக் கண். நம் கழுத்தை நெரித்துக்கொண்டே வாடிக்கையாளர் சேவை மையக் குரலில் அமைதியாகப் பேசும். முதல் சந்திப்பு அபாரம். ஓடாது, கத்தாது, நடந்தே வரும்.

ஆனால் அவற்றை அடிக்க முடியும். அடிக்க முடிகிற எதிரியைக் கூட்டமாக அனுப்பினால் திகில் கேம் சண்டை கேமாகிவிடுகிறது. இன்று மாலை முழுக்க மின்பொறி செய்வது, வைப்பது, தலையில் அடிப்பது என்றே போயிற்று. அலுப்பு.

அக்டோபர் 26

(பாதிக் கதை சொல்லப் போகிறேன். ஆடாதவர்கள் இதையும் அடுத்த நாளையும் விட்டுவிடுங்கள்.)

பத்தாம் அத்தியாயத்தில் பிராணியை ஆய்வகத்துக்குள் சிக்கவைத்து, ஆய்வகத்தையே நிலையத்திலிருந்து கழற்றி, கீழே இருக்கும் வாயுக் கோளை நோக்கித் தள்ளிவிடுகிறார்கள். நிலையத்தின் காவல் அதிகாரி மார்ஷல் வெயிட்ஸ் அமாண்டாவையும் சேர்த்தே தள்ளுகிறார். அவள் விண்வெளி உடையோடு தாவித் தப்புகிறாள். பிரமாதமான காட்சி. இங்கேயே முடித்திருந்தால், அல்லது இதற்குப் பிறகு இரண்டே அத்தியாயத்தில் முடித்திருந்தால், இதைக் குறை சொல்ல ஆளிருந்திருக்காது.

மொத்தம் பதினெட்டு அத்தியாயம். மிச்சத்தில் பெரும்பகுதி: அந்த லிவரை இழு, கதவு வேலை செய்யவில்லை, ஜெனரேட்டரைப் போடு, திரும்பி வா, ரயிலில் ஏறு. அணுஉலைக்கு அடியில் கூடு இருப்பது தெரியவரும் இடம் நல்ல திருப்பம்தான். ஆனால் ஒன்று என்பது பல ஆனதும், 'அது' என்று சொல்லிவந்த ஒன்று கூட்டத்தில் ஒன்றாகிவிடுகிறது. முகத்தில் ஒட்டும் குஞ்சுகள் வேறு. தப்ப ஏறக்குறைய வாய்ப்பே தராமல் கொல்கின்றன. சாவதற்கு முன்னால் எனக்கு ஒரு சத்தமாவது காதில் விழுந்திருக்க வேண்டும்.

அக்டோபர் 29

முடித்தாயிற்று. முடிவு என்று சொல்ல மனம் வரவில்லை, அறுத்துவிட்டார்கள். தப்பித்து வந்த கப்பலிலும் பிராணி. அமாண்டா விண்வெளியில் தூக்கியெறியப்பட்டு மிதக்கிறாள், முகத்தில் ஒரு வெளிச்சம் விழுகிறது, திரை இருண்டுவிடுகிறது. அம்மா பேசிவைத்த செய்தியைக் கேட்ட அந்தப் பெண்ணுக்கு இதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்க வேண்டும். அந்தச் செய்தி வரும் இடத்தில் நான் அழுதேன். கேமில் மனிதர்களின் முகங்கள் விறைப்பாக இருக்கும், மற்ற பாத்திரங்கள் வந்த வேகத்தில் செத்துப்போகும். இந்த ஒரு இடத்தில் குரல் மட்டுமே எல்லாவற்றையும் தாங்குகிறது.

வெளிவந்த சமயத்தில் கேம் விமர்சன இணையதளமான ஐ.ஜி.என். இதற்குப் பத்துக்கு 5.9 மதிப்பெண் கொடுத்தது. நீளத்தைக் குறித்து அவர்கள் சொன்னதை ஏற்கிறேன், அந்த எண்ணை ஏற்க மாட்டேன்.

நவம்பர் 2

தீபாவளி வெடிச்சத்தம் ஓய்ந்துவிட்டது. தம்பி போனில் கூப்பிட்டு, இரண்டாம் பாகத்தில் என்னவெல்லாம் இருக்கும் என்று கேட்டான். என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொன்னேன். பத்து மணி நேரத்தில் முடிய வேண்டும். பிராணி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். அமைதியாக ஒளிந்திருப்பவரை விட்டு அது உண்மையாகவே விலகிப் போகத் தெரிந்திருக்க வேண்டும். தீப்பீச்சி கடைசிவரை கையில் வரக்கூடாது. சுவர்த் தொலைபேசியை எடுத்துவிட்டு, தானாகச் சேவ் ஆகும் வசதியைக் கொண்டுவந்தால் நான் வாங்க மாட்டேன்.

அவனுக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அருமனை வீட்டில் எல்லாரும் தூங்கிய பிறகு, ஹெட்போன் போட்டு, மருத்துவப் பிரிவை மறுபடி ஒருதடவை ஆடிவிட்டு என்னோடு வாதத்துக்கு வரட்டும்.