வலது பக்கம்

மாசி 4
மகனின் உறக்கப் பரிசோதனை அறிக்கை வந்தது. மணிக்கு 26 தடவை மூச்சு தடைப்பட்டிருக்கிறது. பிள்ளைகளுக்கு 10 வந்தாலே கடுமை என்றார் தொண்டை வைத்தியர். இரத்தத்தில் ஒட்சிசன் 68 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது.

மாசி 5
68.

மாசி 7
தொண்டைச் சதையை (டொன்சில்) வெட்ட முன்னர் எக்கோ, அதாவது இதய ஸ்கான், எடுக்க வேண்டுமாம். தொண்டை வருத்தத்துக்கு நெஞ்சை ஏன் பார்க்கிறார்கள் என்று மாமி கேட்டார். ஒட்சிசன் குறைந்தால் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும். இரவிரவாகச் சுருங்கினால், அங்கே இரத்தம் அனுப்பும் இதயத்தின் வலது பக்கம் தள்ளித் தள்ளியே தடித்துப்போகும். பிறகு மயக்க மருந்து ஆபத்து. ஈசீஜியில் இது தெரியாமலும் போகலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு எக்கோ நல்லதாகவே வருகிறதாம், எல்லாருக்கும் எழுதுவதில்லையாம். என் பிள்ளைக்கு எழுதியிருக்கிறார்.

மாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவனுடைய அப்பப்பாவும் இப்படித்தான் குறட்டை விடுவார்" என்றார். அப்பப்பா நித்திரையிலேயே போனவர். அதன்பின் இருவரும் பேசவில்லை.

மாசி 8
மாசிப் பனி மூசிப் பெய்கிறது. சளி பிடித்தால் சத்திரசிகிச்சை தள்ளிப்போகும். முற்றத்துக்கும் விடவில்லை.

மாசி 11, இரவு 2 மணி
குறட்டை கேட்கும்வரை பயமில்லை. நிற்கும்போதுதான். தலையை அண்ணாந்து, வாயைத் திறந்தபடி கிடக்கிறான். விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்ளே குழிகிறது, சத்தமே இல்லை. பிறகு ஒரு திமிறல். இவர் பக்கத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆத்திரமாக வருகிறது.

மாசி 13
எக்கோ. ஜெல் குளிர்ந்ததும் கூச்சத்தில் சிரித்தான். திரையில் இடப்புறம் தெரிவதுதான் வலது பக்கமாம். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வால்வு இமை போலத் திறந்து மூடியது. தடிப்பு இல்லை, அழுத்தம் மட்டும் சற்றுக் கூடுதல். சதையை எடுத்தால் பெரும்பாலும் இறங்கிவிடுமாம். ஆனால் அன்றிரவு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே கட்டில் கிடைத்தால்தான் திகதி.

"சற்று" என்றால் எவ்வளவு?

மாசி 15
வலிக்குக் கொடீன் மருந்து கொடுக்க விடாதே என்று கனடாவிலிருந்து தங்கை. கேட்டாயிற்று, கொடுக்க மாட்டார்கள். சில பிள்ளைகளின் உடல் அதை வேகமாக மோர்பினாக மாற்றி மூச்சையே அடக்கிவிடும் என்று அமெரிக்காவில் 2013 இலேயே எச்சரித்துவிட்டார்களாம்.

மாசி 18
கட்டில் இல்லை.

மாசி 19
நாளை காலை ஏழு மணிக்கு வரட்டுமாம். நள்ளிரவுக்குப் பிறகு சாப்பாடு கூடாது. பிட்டும் முட்டைப்பொரியலும் கேட்கிறான். எக்கோ அறிக்கை, கிளினிக் கொப்பி, துவாய் எல்லாம் பையில் வைத்துவிட்டேன். மூக்கு ஒழுகவில்லை. ஒரு தும்மல் மட்டும்.