தங்கள் மேலான கருத்துக்கு நன்றி, அம்மா

பெங்களூரு இந்திரா நகரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் எனக்கு வேலை. போன மாதம், சமூக ஊடகத்தில் ஊழியர்கள் எப்படிப் பகிர வேண்டும் என்று மூன்று பக்க நெறிமுறை மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. வாடிக்கையாளரின் விளம்பரத்தைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எதிர்ப் பின்னூட்டத்தை அழிக்கக் கூடாது, சண்டைக்கும் போகக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் மரியாதையாகப் பதில் தர வேண்டும்.

அந்தப் பொருளோடு நமக்குள்ள தொடர்பையும் மறைக்கக் கூடாதாம். இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் கொண்டுவந்த விதி அது. நானோ இருபது ஹேஷ்டேகுகளுக்கு அடியில் அதை ஒளித்து வைத்திருந்தேன். மனிதவளத் துறையில் இருக்கும் திருநெல்வேலிக்காரி கூப்பிட்டு, "முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும் சார். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் பின்னட்டையிலா போடுவார்கள்?" என்றாள். மாற்றினேன்.

நான் பகிர்ந்தது ஒரு காபித்தூள் விளம்பரம். விடியற்காலை, பித்தளை டபரா, நுரை என்று உருகி உருகி எழுதியிருந்தேன். பதினொரு பேர் விரும்பியிருந்தார்கள். அதில் ஒன்பது பேர் அதே மின்னஞ்சல் கிடைத்த சக ஊழியர்கள்.

பிறகு அல்சூரிலிருந்து அம்மாவின் பின்னூட்டம் வந்தது: "கண்ணா, நம் வீட்டில் இந்தத் தூளை வாங்கியதே இல்லையே? சிக்கரி எவ்வளவு என்று கேட்டுச் சொல்."

அரை மணி நேரத்தில் அதற்கு அறுபது விருப்பக்குறிகள்.

அழிக்க வழியில்லை. போட்டி நிறுவனம், பெயர் மறைத்து வம்புக்கு வருபவன், கோபக்கார நுகர்வோர் என்று எல்லாரையும் யோசித்து எழுதிய நெறிமுறையில் அம்மா மட்டும் இல்லை. மாதிரிப் பதில் ஒன்றை அப்படியே ஒட்டினேன்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்கள் ஐயம் உரிய பிரிவுக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது."

இரண்டாவது நிமிடம் போன் அடித்தது. "உரிய பிரிவு யாரடா? உன் அப்பாவா? அவருக்கு டீக்கும் காபிக்குமே வித்தியாசம் தெரியாதே!"

பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். காபி 55 சதவீதம், சிக்கரி 45. சட்டப்படி குற்றமில்லை. கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தை அச்சிட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முப்பது வருடமாக எண்பதுக்கு இருபது என்று கண்ணெதிரே அரைத்து வாங்குகிறவளிடம் சட்டம் பேசலாமா? பேசினேன். "கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. இதற்குக் கஷாயம் என்று பெயர் வைத்திருக்கலாம்" என்று வைத்துவிட்டாள்.

வாடிக்கையாளர் நல்ல மனிதர். சிரித்துவிட்டு, சிக்கரி குறைந்த இன்னொரு ரகத்தில் இரண்டு பாக்கெட் அனுப்பிவைத்தார். அம்மா குடித்துப் பார்த்தாள். தானும் ஒரு பதிவு போடப் போவதாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இலவசமாகப் பெற்றதையும் குடும்ப உறவையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய அரசே 2023 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுதினாள்:

"இது என் மகனின் ஆபீஸ் மூலம் இலவசமாக வந்த தூள். குறை சொன்னால் அவன் முகம் வாடிவிடும். ஆகவே, நன்றாக இருக்கிறது."