முந்திரி இல்லை என்றார்கள்

பாறசாலையில் என் கணவரின் சித்தி வீட்டுப் பால்காய்ப்பு. இலைக்குப் பாயசம் வந்தபோது பரிமாறிய அக்காவிடம், "இதுல முந்திரி உண்டோ?" என்று கேட்டேன். "முந்திரி இட்டிட்டில்ல, தைரியமா கொடு" என்றார். மகன் இரண்டு கரண்டி குடித்தான். அப்போது அவனுக்கு மூன்று வயது.

நான் கோவில்பட்டிக்காரி. எனக்கு முந்திரி என்றால் முந்திரிப்பருப்புதான். எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் அதே சொல் திராட்சையைக் குறிக்கும். நம் முந்திரிக்கு அங்கே அண்டிப்பருப்பு என்று பெயர். அன்று அந்த வீட்டில் உலர்திராட்சை தீர்ந்துபோயிருந்ததால், அண்டிப்பருப்பை மட்டும் நெய்யில் வறுத்து, கொஞ்சம் பொடித்தும் போட்டிருந்தார்கள். அக்கா சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்டு ஆறு வருடமாகியும் எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

அவனுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது ஒருமுறை அல்வா தின்று உதடு வீங்கியது. எறும்பு கடித்திருக்கும் என்று விட்டுவிட்டோம். அரைகுறைச் சந்தேகம் மட்டும் எனக்குள் இருந்தது. டாக்டரிடம் காட்டாமல் அதை வைத்தே ஒரு வருடம் ஓட்டினேன். அது என் தப்பு.

பாறசாலையில் அன்று இலையை எடுக்கும் முன்பே நாக்கைச் சொறிந்தான். காது சிவந்தது. வயிறெல்லாம் தடிப்பு, அப்புறம் வாந்தி, இருமல். யாரோ ஒருவர் அலர்ஜி சிரப் கொடுத்தார். "வாந்தி எடுத்துட்டான்ல, இனி சரியாயிரும்" என்றார் இன்னொருவர். அதற்குள் அவன் குரல் கட்டிக்கொண்டு வேறு யாரோ பேசுவதுபோல் ஆகிவிட்டது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். பத்து நிமிடத்தில் அவனுடைய சொந்தக் குரலில் அழுதான். சில மணி நேரம் கழித்து எல்லாம் திரும்ப வரலாம் என்பதால் இரவு முழுக்க அங்கேயே வைத்துக்கொண்டார்கள். தடிப்புக்கும் அரிப்புக்கும் சிரப் சரி, மூச்சு அடைப்பதை அது நிறுத்தாது என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு திருவனந்தபுரத்தில் ஓர் அலர்ஜி டாக்டர். தோல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மருந்தை நிறுத்தச் சொன்னார். நிறுத்தாவிட்டால் தோல் உண்மையைச் சொல்லாதாம். கையில் பேனாவால் எண் போட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சொட்டு, அதன் மேல் லேசான குத்தல். 15 நிமிடம் சொறியவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் எனக்குப் பரீட்சை. 3 மில்லிமீட்டருக்கு மேல் வீங்கினால் கணக்கில் எடுப்பார்கள். முந்திரிக்குக் கொசுக்கடிபோல் பெரிதாகவே எழும்பியது. பிஸ்தாவுக்கும் எழும்பியது, இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள். மாமரமும் அதே குடும்பம்தான், ஆனால் மாம்பழம் இதுவரை அவனை ஒன்றும் செய்யவில்லை. நிலக்கடலைக்கு எதுவும் இல்லை, அது பயறு இனம். கோவில்பட்டியில் என் அப்பாவுக்கு இதைவிடப் பெரிய நல்ல செய்தி கிடையாது. ரத்தப் பரிசோதனையும் எடுத்தோம். எண் பெரிதாக இருந்தால் ஒவ்வாமை இருக்கும் வாய்ப்பு அதிகமே தவிர, அடுத்த முறை எவ்வளவு மோசமாக வரும் என்பதை அந்த எண் சொல்லாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நான் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்திருப்பார்.

வெளிநாட்டுக் காணொளிகளில் காட்டும் தானியங்கி அட்ரினலின் ஊசி நம்மூர் மருந்துக்கடையில் எளிதில் கிடைப்பதில்லை. எங்களுக்கு எழுதிக்கொடுத்தது அட்ரினலின் கண்ணாடிக் குப்பி, 1 மில்லியில் 1 மில்லிகிராம். மகனின் எடை 15 கிலோ, கிலோவுக்கு 0.01 மில்லி வீதம் 0.15 மில்லி. இன்சுலின் சிரிஞ்சு வாங்காதீர்கள் என்றார் டாக்டர். அதில் கோடுகள் யூனிட் கணக்கில் இருக்கும், ஊசியும் குட்டை. தசைக்குள் போக வேண்டும், தொடையின் வெளிப்பக்கம், நடுவில். நர்ஸ் கற்றுக்கொடுத்தபடி வெறும் தண்ணீர்க் குப்பிகளை உடைத்து உடைத்துப் பழகினேன். முதல் குப்பி விரலைக் கிழித்தது. என் கணவர் ஆரஞ்சுப் பழத்தில் குத்தப் பழகினார். ஊசி போட்டதும் காலைத் தூக்கிப் படுக்கவைக்க வேண்டும், மூச்சு திணறினால் உட்காரவைக்கலாம், எழுந்து நடக்க மட்டும் விடக்கூடாது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும். இதை மலையாளத்திலும் தமிழிலும் எழுதிப் பையில் வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் ஒரு பக்கம். என் மாமியார் அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிப்பருப்புத் தொழிற்சாலையில், வேலை செய்கிறார்.

முப்பது வருடமாக உடைத்தும் தொலி உரித்தும் பழகிய கை. ஓட்டு எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்கள். "அண்டி எண்ணெ பட்டா தோலு பொள்ளும், அதுக்கு சாம்பல் தேச்சா போதும் மக்களே. பருப்பு என்ன செய்யும்?" என்றார். எண்ணெய் தோலைப் புண்ணாக்குவது வேறு, பருப்பின் புரதத்தை உடம்பு எதிரியாக நினைப்பது வேறு என்று நான் விளக்கியது அவரிடம் எடுபடவில்லை. அடுத்த முறை டாக்டரிடம் அவரையும் அழைத்துப் போனேன். டாக்டர் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்றார். மாமி திரும்பும் வழியெல்லாம் பேசவே இல்லை. மறுநாளிலிருந்து வேலை முடிந்து வந்தால் நேரே கிணற்றடி, குளியல், வேறு சேலை. மடியில் கட்டிக்கொண்டு வரும் உடைந்த பருப்பும் நின்றது.

வெளியில் சாப்பிடுவதுதான் இன்னும் கஷ்டம். ஹோட்டல் குருமாவின் வெள்ளைக் கெட்டித்தன்மையை நான் நம்புவதில்லை. பாக்கெட் பொருட்களில் பாடு குறைவு. 2020 லேபிள் விதிப்படி முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டை வகை இருந்தால் எழுதியே ஆக வேண்டும். தட்டில் குவித்து விற்கும் இனிப்புக்கு லேபிள் ஏது? சத்துமாவை மில்லில் அரைப்பதையும் விட்டுவிட்டேன். நமக்கு முன்னால் யார் என்ன அரைத்தார்கள் என்று தெரியாதே.

இப்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் மூன்று பெயரையும் சொல்லித்தான் கேட்கிறேன்: முந்திரிப்பருப்பு, அண்டிப்பருப்பு, கசுவண்டி. கேட்டுவிட்டு, பாத்திரத்தையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சரி.

இந்த ஓணத்துக்கு மாமி பாயசத்தில் தேங்காய்க்கொத்தை நெய்யில் வறுத்துப் போட்டார். மகன் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, குடிக்காமல் அவர் விரல்களையே பார்த்தான்.

"அம்மச்சி, சோப்பு போட்டாச்சா?"

"ரெண்டு வட்டம் போட்டேன் மக்களே" என்று மாமி இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.