பவர் ஸ்டியரிங் ஒழுகினால்: ஒன்ராறியோவில் பழைய எஸ்யூவி வைத்திருப்பவர்களுக்கு

ரொறன்ரோவுக்குப் புதிதாக வரும் குடும்பங்கள் பல, முதல் வாகனமாகப் பழைய எஸ்யூவி ஒன்றைத்தான் வாங்குகின்றன. பிள்ளைகளும் ஏறவேண்டும், ஸ்னோவிலும் இழுக்கவேண்டும், விலையும் கட்டுபடியாகவேண்டும். பாவித்த வாகனத்துக்கு இலக்கத் தகடு எடுக்க ஒன்ராறியோவில் சேஃப்டி சான்றிதழ் தேவை. அது 36 நாள்தான் செல்லும். சோதித்த அன்று வாகனம் தகுதியாக இருந்தது என்பதற்கு மேல் எந்த உத்தரவாதமும் அதில் இல்லை. ஆகவே குளிர் தொடங்கியதும் ட்ரைவ்வேயில் சொட்டுச் சொட்டாக எண்ணெய், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது முனகல் என்று வந்தால் அது உங்கள் செலவு. ஸ்டியரிங் எண்ணெயைத் தள்ளும் பம்ப் போய்விட்டது, சக்கரங்களைத் திருப்பும் ராக் போய்விட்டது என்று யாரும் சொல்லுமுன் ஒழுகும் இடத்தை நீங்களே பார்த்துவிடுங்கள். பல நேரம் அது சில டொலர் ரப்பர் வளையமாக இருக்கும்.

முதலில் போனட்டைத் திறந்து ஸ்டியரிங் எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வாகனங்கள் அநேகமாக மின்சார ஸ்டியரிங். அவற்றில் எண்ணெயே கிடையாது. தொட்டி இருந்தால், இரவு முழுக்க எஞ்சினுக்குக் கீழே காட்போட் மட்டை ஒன்றை விரித்து விடுங்கள். காலையில் கறை எங்கே விழுந்திருக்கிறது, என்ன நிறம் என்று பார்க்கலாம். ஹொண்டாவின் ஸ்டியரிங் எண்ணெய் வெளிர் மஞ்சள், பழசானால் பழுப்பு. பழைய ரொயோட்டா ஹைலாண்டர்களில் ஊற்றுவது கியர்பெட்டிக்குரிய ஏரிஎஃப் என்பதால் சிவப்பு. கறுத்துத் தடிப்பாக இருந்தால் அநேகமாக எஞ்சின் ஒயில். பச்சை, நீலம் என்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற்.

பிறகு பம்ப், குழாய், இணைப்புகள் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டு, சந்தேகமான இடங்களில் குழந்தைப் பவுடரைத் தூவுங்கள். ஒருவர் எஞ்சினை ஓடவிட்டு ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பட்டும். கடைசி வரை திருப்பி ஐந்து செக்கனுக்கு மேல் பிடிக்கக்கூடாது, அழுத்தம் உச்சத்துக்குப் போய்ப் பம்ப் சூடேறும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாருங்கள், பவுடர் நனைந்திருக்கும் இடம்தான் ஒழுக்கு. எஞ்சின் ஓடும்போது குழாயைக் கையால் தடவிப் பார்க்கவே வேண்டாம். அந்த அழுத்தத்தில் ஊசித் துளையால் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும்; அது அறுவைச் சிகிச்சையில் முடியும் காயம்.

2003 முதல் 2008 வரை வந்த ஹொண்டா பைலட்டில் அடிக்கடி போவது பம்புக்குள் எண்ணெய் நுழையும் இடத்து ரப்பர் வளையம், அதாவது ஓ-ரிங். இதில் பலர் ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சும் பக்கம். வளையம் இறுகிச் சப்பையானால் எண்ணெய் வெளியே வருவதைவிடக் காற்று உள்ளே போவதுதான் அதிகம். காற்றுக் கலந்த எண்ணெய் நுரைத்து, பம்ப் முனகும். நுரை கூடித் தொட்டி மூடியால் வழிந்து எங்கும் பரவும். கீழே கறையைப் பார்த்துப் பம்பை மாற்றுகிறார்கள். தொட்டியில் நுரையைக் கண்டால் முதலில் இந்த வளையத்தை மாற்றுங்கள். வாகனத்தின் அடையாள இலக்கமான வின்னைச் சொல்லி டீலரின் பார்ட்ஸ் கவுண்டரில் வாங்குவது நல்லது. பல அளவில் கலந்து பெட்டியாக விற்கும் வளையங்கள் அளவில் ஒத்துப்போனாலும் ரப்பர் ஒத்துப்போகாது.

வளையத்தை மாற்றத் தொடங்குமுன் எஞ்சின் ஆறியிருக்கவேண்டும். தொட்டியில் உள்ள எண்ணெயை, சமையலுக்கு இனிப் பாவிக்காத பேஸ்டரால் (சாறு உறிஞ்சும் குழல்) உறிஞ்சி எடுங்கள். பம்புக்குக் கீழே பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பிளாஸ்டிக் பையாலும் துணியாலும் மூடுங்கள். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும், ஆல்டர்னேட்டருக்குள் போனால் இன்னொரு செலவு. நுழைவுக் குழாயைப் பிடித்திருக்கும் இரண்டு 10 மி.மீ. தலைப் போல்ட்டைக் கழற்றி, குழாய் முனையில் முழங்கைபோல் வளைந்த துண்டை நேராக இழுங்கள். பழைய வளையத்தைப் பல்லுக்குத்தும் மரக்குச்சியால் கிளப்புங்கள். ஸ்க்ரூட்ரைவர் பள்ளத்தைக் கீறிவிட்டால் புது வளையமும் ஒழுகும். புது வளையத்தில் புது எண்ணெயைப் பூசி, முறுக்கு விழாமல் உட்காரவைத்து, போல்ட்டைச் சுமார் 11 நியூட்டன் மீற்றரில் இறுக்குங்கள். பம்பின் உடல் அலுமினியம்; பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்.

எண்ணெயில்தான் பெரிய பிழை நடக்கிறது. ஹொண்டாவுக்கு ஹொண்டா ஸ்டியரிங் எண்ணெய் மட்டும். ஏரிஎஃப்பும், எல்லா வாகனத்துக்கும் ஆகும் என்று விற்கும் போத்தல்களும் அதற்கு ஆகாது. 354 மி.லீ. போத்தல் மூன்று வாங்கினால் பழையதைக் கழுவவும் போதும். ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று கடையில் இருப்பவை ரப்பரை வீங்கவைத்துச் சில காலம் தாங்கும். வைத்திருக்கப்போகும் வாகனத்தில் அதை ஊற்றாதீர்கள்.

வற்றிய பம்பை ஓடவிட்டால் நிமிடங்களில் பழுதாகும். ஆகவே முன் ரயர் இரண்டையும் தூக்கி ஜாக் ஸ்ராண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். தொட்டியை மேல் கோடு வரை நிரப்பி, எஞ்சினை ஓடவிடாமல் ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெதுவாகப் பதினைந்து, இருபது தடவை திருப்புங்கள். இடையிடையே மட்டம் இறங்கும், நிரப்புங்கள். குமிழி நின்ற பின்தான் எஞ்சின். அப்போதும் நுரை வந்தால் நிறுத்தி ஒரு மணித்தியாலம் விட்டு மறுபடி செய்யுங்கள்.

வளையம் நன்றாக இருந்து குழாய் ஒழுகினால் கதை வேறு. திரும்பி வரும் குழாய் குறைந்த அழுத்தம்; ஸ்டியரிங் எண்ணெய்க்கென்றே விற்கும் ஹோஸை அளவாக வெட்டிப் புதுக் கிளாம்ப் போடலாம். ஹீட்டர் ஹோஸ் எண்ணெயில் ஊதிக் கிழியும். உயர் அழுத்தக் குழாயை ஒட்டுப்போடவே கூடாது, முழுதாக மாற்றவேண்டும். இங்கே வீதி உப்பு இரும்புக் குழாயை வெளியிலிருந்து அரித்து, நட்டையும் பிடிக்கவைத்துவிடும். முதல்நாளே துருவை இளக்கும் எண்ணெய் அடித்துவிட்டு, குழாய் நட்டுக்குரிய ஸ்பானரால் கழற்றுங்கள். ராக்கின் இரு முனையிலும் உள்ள மடிப்பு ரப்பர் உறையை அமுக்கும்போது எண்ணெய் குலுங்கினால் ராக்கின் உள் சீல் போய்விட்டது. அது ட்ரைவ்வே வேலை இல்லை. ராக்கை மாற்றிய பின் சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்றும் வேண்டும்.

வாடகை பேஸ்மென்ற் என்றால், ட்ரைவ்வேயில் இந்த வேலையைச் செய்யலாமா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். நிலத்தில் சிந்தியதைப் பூனை மணலால் உறிஞ்சி எடுங்கள். கழுவி வீதி வடிகாலுக்குள் விட்டால் அது சுத்திகரிக்கப்படாமல் ஒன்ராறியோ ஏரிக்கே போகும். பழைய எண்ணெயை மூடியுள்ள போத்தலில் விட்டு, உள்ளே இருப்பது என்னவென்று எழுதி, மாநகரசபை கழிவுகளை ஏற்கும் டிராப்-ஓஃப் டிப்போவுக்குக் கொண்டுபோங்கள்.

ஒக்டோபருக்குள் செய்தால் கை விறைக்காது. மைனஸ் இருபதில் முதல் நிமிடம் சிறிது முனகினால் எண்ணெய் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். சூடேறிய பிறகும் முனகினால் காற்று இன்னும் எங்கோ உள்ளே போகிறது. தொட்டியிலிருந்து பம்ப் வரையான ஹோஸின் கிளாம்ப்களைப் பாருங்கள்.